பகுதி

மில்வாக்கியில் பிப்ரவரி.
கவுன்ட்டி சுகாதார அலுவலகத்தின் நான்காம் மாடியில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
திங்கட்கிழமைக்குள் ஒரே ஓர் எண் வேண்டும்
என்கிறார் கிரெட்சன் வோய்ட்:
ஓர் ஆணுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு ஆகிறது?

புராஸ்டேட் புற்றுநோய்.
அரை மணி நேரப் பேச்சு, எட்டுப் பக்கத் துண்டறிக்கை,
யாராவது கேட்டால் பதில்.
மூன்று இடங்களில் பேசினார்கள்.
ரசீதெல்லாம் ஒரு ஷூ பெட்டியில்.
நான் கணக்கெழுதுகிறவள்.

மேற்குப் புறநகர், ஓய்வுபெற்ற இன்ஜினியர்களின் சங்கம்.
நாற்பது பேர், நாற்பதும் வெள்ளையர்.
காபி அவர்களுடையது, திரையும் அவர்களுடையது.
நானூற்று நாற்பது டாலர்.
தலைக்குப் பதினொன்று.

வடக்கே, கறுப்பினத்தவர் தெருக்களில்,
ஒரு தேவாலயத்தின் நிலவறை.
வெள்ளிக்கிழமை மீன் வறுவல், பஸ் டிக்கெட்,
பனியில் இரண்டு தடவை தள்ளிப்போன கூட்டத்துக்கு
அந்த இரண்டு தடவைக்கும் வாடகை.
வந்தவர்கள் இருபது.
தலைக்கு எழுபத்து நான்கு.

மொங் மக்களின் கூடத்தில் பன்னிரண்டு கிழவர்கள்.
மொழிபெயர்க்க வந்தவள் மாய்சீ தாவ், வயது இருபத்தாறு.
அந்த உறுப்பின் பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தாள்.
மணிக்கு அறுபது டாலர், மௌனத்துக்கும் அதே விலை.
பிறகு பலகையில் ஓர் அக்ரூட் கொட்டை வரைந்தாள்.
தரையைப் பார்த்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
தலைக்கு நூற்று முப்பத்தொன்று.

"பதினொன்றுதான் மலிவு" என்றார் கிரெட்சன்.
"அடுத்த வருஷம் அங்கேயே நாலு கூட்டம்."
கெட்டவர் இல்லை.
அந்த பஸ் டிக்கெட்டுக்காக மேலிடத்தோடு சண்டை போட்டவரே அவர்தான்.

ராத்திரி, கூட்டத்துக்கு முன் நிரப்பிய தாள்களை எடுத்தேன்.
முதல் கேள்வி: இதைப் பற்றி ஏற்கெனவே தெரியுமா?
சங்கத்தில் முப்பத்தொன்பது தெரியும்,
ஒரே ஒரு தெரியாது.
தெரிந்தவரில் ஒருவர் எங்கள் துண்டறிக்கையின் அச்சுப்பிழைகளைச்
சிவப்பு மையில் திருத்தித் தந்திருந்தார்.
நிலவறையில் பதினேழு தெரியாது.
கூடத்தில் பன்னிரண்டும்.

மேலே எழுதுவது தொகுதி, கீழே எழுதுவது பகுதி.
பள்ளிக்கூடத்துக் கணக்கு.
ஊரின் ஒரு துண்டுக்கும் பகுதி என்றுதான் பெயர்.
மேலே பணத்தைத் தொடவில்லை,
கீழே இருந்த ஆட்களை மட்டும் மாற்றினேன்:
வந்தவர்களை அழித்து
அன்றைக்குத் தெரிந்துகொண்டவர்களை எழுதினேன்.

சங்கம், ஆளுக்கு நானூற்று நாற்பது.
நிலவறை, எண்பத்தேழு சொச்சம்.
கூடம், அதே நூற்று முப்பத்தொன்று.

இதிலும் இடமில்லாத ஒன்று இருக்கிறது.
லூசியஸ் பெட்வே, நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்து
மீன் சாப்பிட்டார்.
துண்டறிக்கையைத் தீப்பெட்டி அளவுக்கு மடித்தார்.
எல்லோரும் போனபின் கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் கேட்டார்:
"அந்தச் சோதனை ஊசியா, இல்ல... மத்ததா?"
முதலில் ரத்தம்தான் என்றேன்.
எடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் பேசி முடிவு பண்ணலாம்.
"அதை முதல் பக்கத்துல போட்டிருக்கலாமே."
கொஞ்ச நேரம் கழித்து,
"எங்க அண்ணனுக்கு யாரும் சொல்லல."
எப்போது, என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
ஒன்பது நிமிடம், பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி.
எந்தக் கட்டத்தில் எழுதுவேன் இதை?

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன்.
கிரெட்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நான் ஒரு எண்தானே கேட்டேன்."

கீழே தெருவில் மஞ்சள் விளக்கு சுழல
ஒரு வண்டி பனியை ஓரம் தள்ளிப் போகிறது.
ஓட்டுகிறவர் முகம் இங்கிருந்து தெரியாது.
அது தள்ளிய இடத்தில்
மறுபடி விழத் தொடங்கிவிட்டது.